கால் இழுக்கும் ரம்பம்

செங்கோட்டையன் ஆசாரி எந்த வாகை மரத்திலிருந்து விழுந்தானோ, அந்த மரத்தை மூன்றாம் நாளே அவன் பெண்சாதி பாப்பாயி விற்றுவிட்டாள். வெட்ட வந்தவர்கள் கோடாரி போடும்போது அவன் கயிற்றுக் கட்டிலில் படுத்துக்கொண்டு, வலது தோளில் மூங்கில் பத்தை வைத்துக் கட்டிய கட்டோடு, ஒவ்வொரு வெட்டுக்கும் முகத்தைச் சுளித்தான். மரத்தின் மேல் அவனுக்கு வருத்தமில்லை. ஏர்க்காலுக்கு என்று பார்த்து வைத்திருந்த வளைந்த கிளையைத் தப்பான இடத்தில் வெட்டுகிறார்களே என்றுதான்.

தோளில் போட்ட கட்டை ஆவணியில் பிரித்தார்கள். எலும்பு கூடிவிட்டது, ஆனால் கை மார்புக்கு மேல் எழவில்லை. சோற்றை அள்ளி வாய்க்குக் கொண்டுபோகலாம். பென்சில் பிடித்துக் கோடு போடலாம். ரம்பத்தை இழுக்க முடியாது. இழுத்தால் தோளுக்குள் எதுவோ கடித்துப் பிடித்தது. இடது கையால் இழுத்துப் பார்த்தான். மாடு நடந்துகொண்டே மூத்திரம் பெய்த மாதிரி போயிற்று கோடு. அந்தப் பலகையை அடுப்பில் வைத்துவிட்டு, செல்லமுத்துக் கவுண்டர் தோட்டத்துக்குக் காவலுக்குப் போய்விடலாம் என்று இருப்பதாகச் சொன்னான். பாப்பாயி களியைக் கிளறிக்கொண்டிருந்தாள். காவலுக்குப் போகிற ஆள் ராத்திரியில் குறட்டை விடக்கூடாது என்று மட்டும் சொன்னாள்.

வெள்ளைப்பாறைக்காடு சங்ககிரிக்கும் எடப்பாடிக்கும் நடுவே, எந்தப் பெரிய பாதையும் தொடாத ஊர். நாற்பது வீடு. அதில் ஆசாரி வீடு ஒன்று. ஏர், மாடு கட்டும் மொளக்குச்சி, தொட்டில், கதவு என்று ஊருக்கு வேண்டியதெல்லாம் அவன் கையில்தான் ஆகவேண்டும். கை விழுந்ததும் கவுண்டர்கள் ஏரைத் தூக்கிக்கொண்டு சங்ககிரிக்குப் போக ஆரம்பித்தார்கள். ஒருவரும் குறை சொல்லவில்லை. அதுதான் செங்கோட்டையனுக்கு உறைத்தது. குறை சொன்னால் இன்னும் தன்னை ஆசாரி என்று நினைக்கிறார்கள் என்று அர்த்தம்.

புரட்டாசி கடைசியில் எடப்பாடியிலிருந்து சரவணமுத்து முதலியார் வண்டி கட்டிக்கொண்டு வந்தார். சேலை வியாபாரம். புதுசாக மாடி வைத்து வீடு கட்டியிருந்தார். ஏதோ காரியமாகச் சேலம் அஸ்தம்பட்டிக்குப் போனவர், அங்கே துரை பங்களாவின் கூரையோரம் முழுக்கப் பூ வெட்டிய பலகை தொங்குவதைப் பார்த்துவிட்டார். சேலைக் கரை மாதிரி இருந்ததாம். சாலையில் நின்று காகிதத்தில் வரைந்துகொண்டு வந்திருக்கிறார். மடித்த காகிதத்தை விரித்துக் காட்டினார். கொடி, கொடியில் இலை, இலைக்கு நடுவே ஓட்டை, கீழே நுனி. அப்படி முப்பத்தாறு பலகை. தையில் குடிபோகிறார்கள்.

அவர் அண்ணன் வீட்டு நிலைக்கதவு செங்கோட்டையன் செய்தது. அதனால்தான் வந்தார். கை விழுந்த சேதி அவருக்குத் தெரியாது. செங்கோட்டையன் காகிதத்தை வெகுநேரம் பார்த்தான். இலை நுனியை விரலால் தடவினான். பிறகு மடித்துத் திருப்பிக் கொடுக்கப் போனான்.

அடுப்படியிலிருந்து பாப்பாயி சொன்னாள்: "செய்யறாருங்க. தைக்கு முந்தியே ஆயிருமுங்க."

முதலியார் அச்சாரமாக வெற்றிலை பாக்கும் பணமும் வைத்துவிட்டுப் போனார். வண்டிச் சத்தம் மறைந்தது. எதைக்கொண்டு செய்வது, பல்லால் கடித்தா என்று செங்கோட்டையன் கேட்டான். பாப்பாயிக்கும் தெரியாது. தெரிந்து சொல்லவில்லை அவள். புருசன் காகிதத்தைத் தடவிய விரலைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

வழி சொன்னவன் அவள் தம்பி ராசு. சேலம் பஸ்ஸில் கண்டக்டர். தொண்டை பெரிசு, பஸ் இல்லாத இடத்திலும் பஸ்ஸில் நிற்கிற மாதிரியே பேசுவான். செவ்வாய்ப்பேட்டையில் இரும்புச் சாமான் கடையொன்றில் காலால் மிதிக்கிற ரம்பம் வந்திருப்பதாகவும், தையல் மிஷின் மாதிரி மிதித்தால் போதும், கையால் பலகையை நகர்த்துகிற வேலைதான் என்றும் சொன்னான். வாகை மரம் விற்ற பணம் பானைக்குள் அப்படியே இருந்தது. தள்ளிவிட்ட மரமே தூக்கிவிடட்டும் என்று பாப்பாயி எடுத்து முடிந்துகொண்டாள்.

ஐப்பசி மழையில் மூவரும் சேலம் போனார்கள். கட்டுச்சோறு கட்டிக்கொண்டு, கொள்ளுப்பொடி வைத்துக்கொண்டு. செவ்வாய்ப்பேட்டைச் சந்துகளில் மூட்டை வண்டிகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றன. சேறு, சாணி, மல்லி வாசம், நனைந்த சாக்கு வாசம். கடைக்காரர் பெயர் சுவாமிநாதன். ஒல்லியான மனிதர், பேச்சு மட்டும் கனமாக இருந்தது. இரண்டு ரம்பங்களைக் காட்டினார்.

ஒன்று முழுக்க இரும்பு. கீழே வண்டிச் சக்கரத்தில் பாதி அளவுக்கு ஒரு சக்கரம். இரண்டு பேர் சேர்ந்தால்தான் நகரும். மிதித்து ஓட்டிவிட்டால் சக்கரம் தன் பாட்டுக்குச் சுற்றும், ஈர்க்குச்சி தடிமனில் இருக்கும் அலகு மேலும் கீழும் போய் வரும். செங்கோட்டையன் அதைப் பார்த்த பார்வையில், பாப்பாயிக்குத் தன் கல்யாணத்தன்று அவன் தன்னை இப்படிப் பார்க்கவில்லையே என்று இருந்தது.

இன்னொன்று மரக்கால் வைத்தது. ஒல்லிக் கொக்கு. தலைக்கு மேலே வில் மாதிரி வளைந்த எஃகுத் தகடு, நடுவில் பலகை வைக்கச் சின்ன மேடை, கீழே ஒரு மிதி. மிதித்தால் வார், அலகு மாட்டும் கொக்கிச் சட்டத்தைக் கீழே இழுக்கும். காலை எடுத்தால் வில் மேலே தூக்கிக்கொள்ளும். சக்கரம் கிடையாது. அதில் மாட்டியிருந்த அலகு எப்போதோ ஒடிந்துவிட்டது. புது அலகுகள் காகிதப் பொட்டலத்தில் இருந்தன. வாங்குகிறவர்கள் மாட்டிக்கொள்ள வேண்டியது என்றார் கடைக்காரர். அதைப் பற்றிப் பேசவே அவருக்கு இஷ்டமில்லை. எடை இருந்தால்தான் எந்திரம் நடுங்காது, பெரிசை வாங்கினால் பேரன் காலத்துக்கும் நிற்கும் என்றார். மெட்ராசில் இப்போது கரண்டு ரம்பமே வந்துவிட்டதாம், கையில் பிடித்தால் அதுவே அறுக்குமாம், மேட்டூரில் கரண்டு எடுக்க ஆரம்பித்துவிட்டார்கள், உங்கள் ஊருக்கும் வரட்டும், அப்புறம் அதையும் தருகிறேன் என்றார்.

"எங்கூருக்கு வெளக்கெண்ணெயே சரியா வர்றதில்லீங்க" என்றான் ராசு.

செங்கோட்டையன் பெரிய ரம்பத்தின் முன் உட்கார்ந்தான். கடைக்காரர் ஒரு பலகைத் துண்டு கொடுத்தார். அதில் பென்சிலால் முதலியாரின் இலையை வரைந்து, மிதித்து ஓட்டினான். அலகு மரத்துக்குள் வெண்ணெய்க்குள் போகிற மாதிரி போயிற்று. ராசு கைதட்டினான். தெருவில் போன இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். இலை நுனி வந்தது. செங்கோட்டையன் காலை எடுத்தான். சக்கரம் நிற்கவில்லை. அலகு நுனியைத் தாண்டி அரை விரற்கடை போய்விட்டுத்தான் நின்றது.

பழகினால் சரியாகிவிடும் என்று செங்கோட்டையன் சொன்னான். கடைக்காரரும் அதையே சொன்னார். ராசுவும் சொன்னான். பாப்பாயி அந்தத் துண்டை வாங்கிப் பார்த்தாள்.

"நுனி போச்சுங்களே. முப்பத்தாறு பலகையில எத்தன நுனி இருக்குது, எண்ணிப் பாத்தீங்களா?"

அவள் சின்ன ரம்பத்தின் முன் போய் நின்று மிதித்துப் பார்த்தாள். மிதித்தால் இறங்கியது. நிறுத்தினால் அந்த இடத்திலேயே நின்றது. பாதி மிதித்தால் பாதி. பிறகு முந்தானையைச் சுருட்டிச் சும்மாடு கூட்டித் தலையில் வைத்து, ரம்பத்தை ஒரே தூக்காகத் தூக்கித் தலையில் ஏற்றிக்கொண்டாள். கடைக்குள் நாலு எட்டு நடந்தாள். கடைக்காரர் சிரித்துவிட்டார். ரம்பத்தைத் தலையில் வைத்துப் பார்த்து வாங்குகிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார்.

"வேல ஊடு தேடி வராதுங்க, நாமதான் வேலயத் தேடிப் போகோணும். அந்தச் சக்கரத்த எடப்பாடிக்கு நீங்களா தூக்கிட்டு வருவீங்க?"

சின்னதையே வாங்கினார்கள். பஸ் மேல் ஏற்றிக் கட்டும்போது செங்கோட்டையன் ஒருமுறை கடைப் பக்கம் திரும்பிப் பார்த்தான். பாப்பாயி அதைக் கவனித்தாள்.

மறுநாள் ஊரே வந்துவிட்டது. மழை விட்டிருந்தது, காட்டில் ஈரம், யாருக்கும் வேலை கிடையாது. செல்லமுத்துக் கவுண்டர் ஒரு மூட்டையை உருட்டிப்போட்டு வசதியாக உட்கார்ந்துகொண்டார். பொட்டலத்தில் ஒரு டஜன் அலகு இருந்தது. கூட இருந்த காகிதத்தில் இங்கிலீசு. படமும் இருந்தது, ஆனால் நகக்கண் அளவு படத்தில் பல் எங்கே தெரியப்போகிறது. செங்கோட்டையன் அதை மடித்து உத்தரத்தில் செருகினான். அலகு மாட்ட அவனுக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. ரம்பத்தின் பல் எப்போதும் ஆளைப் பார்த்திருக்கவேண்டும். அவன் அப்பன் ரம்பம் அப்படி, பாட்டன் ரம்பம் அப்படி. கீழே உட்கார்ந்து, பலகையைக் காலால் மிதித்துப் பிடித்து, தன் பக்கம் இழுத்து அறுக்கிற ரம்பம். இதில் ஆள் அலகுக்கு மேலே உட்கார்ந்திருக்கிறான். அதனால் பல் மேலே பார்க்க மாட்டினான்.

விழுவதற்கு முன்பே அறுத்து வைத்திருந்த வாகைப் பலகையை மேடையில் வைத்தான். மிதித்தான்.

பலகை எழுந்து குதித்தது. அமுக்கிப் பிடித்தான். அது கையைத் தூக்கிக்கொண்டு எழுந்து தடதடவென்று மேடையில் அடித்தது. தேங்காய் உடைக்கிற சத்தம். இன்னும் அமுக்கினான். அலகு 'டிங்' என்று ஒடிந்து பறந்தது. ஒரு கோழி கத்திக்கொண்டு ஓடிற்று.

"ஏனப்பா ஆசாரி, இது ரம்பமா, நெல்லுக் குத்தற எந்திரமா? ரெண்டு வல்லம் நெல்லு கொண்டாரட்டுமா?" என்றார் செல்லமுத்துக் கவுண்டர்.

எல்லோரும் சிரித்தார்கள். செங்கோட்டையனும் சிரித்தான். இரண்டாவது அலகு மாட்டினான், அதுவும் போயிற்று. மூன்றாவதில் பலகை எழும்பி அவன் தாவாக்கட்டையில் இடித்தது. நாலாவதுக்குப் பிறகு சிரிக்கிறவர்கள் குறைந்துபோனார்கள். கவுண்டர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, மழைக்கு முன்னால் மாட்டைக் கட்டவேண்டும் என்று போனார். ஐந்தாவது அலகை ஒடித்துவிட்டு செங்கோட்டையன் எழுந்தான். கிணற்றடியில் முகம் கழுவினான்.

"அந்தச் சக்கரத்தையே வாங்கியிருக்கோணும்" என்றான். திட்டவில்லை. தண்ணீர் வேண்டும் என்று சொல்கிற மாதிரி சொன்னான்.

பாப்பாயி ஒடிந்த அலகுகளைப் பொறுக்கி எடுத்து வைத்தாள். ரம்பம் நன்றாக இல்லை என்று அவளால் நம்பமுடியவில்லை. தலையில் வைத்துப் பார்த்தவள், மிதித்துப் பார்த்தவள். ஆனால் அவள் தேர்ந்தெடுத்தது. பாழாய்ப் போனால் அவளால் போயிற்று. இன்னும் ஏழு அலகு மிச்சம். ராசு நாலு நாள் கழித்துத்தான் வருவான். வந்தால் சேலத்துக்குத் திருப்பி எடுத்துப்போவதென்று செங்கோட்டையன் சொல்லியிருந்தான். கடைக்காரர் பாதி விலைக்காவது எடுப்பார். முதலியாருக்கு அச்சாரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டால், காவல் வேலைக்குக் கவுண்டரைக் கேட்டுவிடலாம்.

விடிந்ததும் பாப்பாயி அடுப்பில் உலை வைத்தாள். உலை கொதிக்க நேரம் எடுக்கும். அவள் போய் ரம்பத்தின் முன் நின்று சும்மா மிதித்தாள். அலகில்லை, பலகையில்லை. வார் இறங்கியது, வில் தூக்கியது. இறங்கியது, தூக்கியது. வேப்பங்குச்சியோடு வந்த செங்கோட்டையன் திகைத்து நின்று பார்த்தான். பொண்டாட்டிக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பான்.

பாப்பாயி சட்டத்தின் மேல் கொக்கியைக் கையால் பிடித்துக்கொண்டாள். காலை எடுத்தாள். வில் தூக்கியது, ஆனால் அவள் கை அதை நிறுத்திவிட்டது. மறுபடி பிடித்துக்கொண்டு மிதித்தாள். இப்போது கை நிற்கவில்லை, கொக்கி கையையும் இழுத்துக்கொண்டு இறங்கியது.

"ஏனுங்க."

"ம்."

"உங்க கைரம்பத்துப் பல்லு எதப் பாத்துட்டு இருக்குது?"

"ஆளத்தான்."

"ஆளுன்னா? மூஞ்சியவா?"

"கைய. கையப் பாத்திருக்கும்."

"ஏன் கையப் பாக்குது?"

அவன் வாயிலிருந்த குச்சியை எடுத்தான். "இழுக்கறது கை. இழுக்கற பக்கந்தான பல்லு பாக்கோணும்."

"இதுல இழுக்கறது ஆருங்க?"

செங்கோட்டையன் ரம்பத்தின் மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டே வந்தான். வில், கொக்கி, மேடை, வார், மிதி, மிதியின் மேல் மண் ஒட்டிய பாப்பாயியின் கால். அங்கேயே நின்றுவிட்டது அவன் பார்வை. வேப்பங்குச்சியை எறிந்தான். வாய் கொப்புளிக்கக்கூட இல்லை. பொட்டலத்திலிருந்து ஒரு அலகை எடுத்து, பல் கீழே பார்க்க, காலைப் பார்க்க மாட்டினான்.

"மிதி" என்றான்.

மிதித்தாள். பலகை மேடையில் படுத்துக்கொண்டது. ஒவ்வொரு மிதிக்கும் அலகு மரத்தைக் கீழே அமுக்கி அறுத்தது. பிடிக்கக்கூட வேண்டாம், நகர்த்தினால் போதும். ஆறிப்போன அந்த வலது கையின் இரண்டு விரல் போதுமாக இருந்தது. மரத்தூள் மாவு மாதிரி பாப்பாயியின் கால்மேல் கொட்டியது. இலையின் ஒரு பக்கம் வந்தான். நுனி வருகிறதைப் பாப்பாயியும் பார்த்தாள். அவன் நிறுத்து என்று சொல்வதற்கு முன்னாலேயே கால் பாதி மிதியில் நின்றுவிட்டது. அலகு நுனியில் நின்றது. அவன் பலகையைத் திருப்பினான். அவள் மிதித்தாள்.

உலை பொங்கி அடுப்பு அணைந்துபோயிற்று. யாரும் பார்க்கவில்லை.

செல்லமுத்துக் கவுண்டர் காட்டுக்குப் போகிற வழியில் நின்றார். செங்கோட்டையன் அறுத்த இலையை எடுத்து அவர் கையில் கொடுத்தான். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நெல் கொண்டுவரவில்லையா என்று பாப்பாயி கேட்டாள்.

"நெல்லெதுக்கு அம்மிணி, ஏரையே கொண்டாரேன்" என்றார் அவர். இலையைத் திருப்பித் தரவில்லை. மடியில் கட்டிக்கொண்டு போனார்.

கார்த்திகை பிறந்ததும் எடப்பாடிக்குப் போனார்கள். உளி, இழைப்புளி, வாச்சியெல்லாம் சாக்கில் கட்டி அவன் இடது தோளில். ரம்பம் பாப்பாயி தலையில். ஆறு மைல். வழியில் இரண்டு ஊர்களில் நிறுத்தி அது என்ன என்று கேட்டார்கள். இரண்டாவது ஊரில் ஒரு கிழவர் இறக்கிக் காட்டச் சொல்லி, தன் கைத்தடியை நீட்டி அதில் ஒரு பூ வெட்டித் தரமுடியுமா என்று கேட்டார். வெட்டிக் கொடுத்துவிட்டுத்தான் போனார்கள். நீராகாரமும் வெங்காயமும் கிடைத்தன.

முதலியார் வீட்டுக் கொல்லையில் கொட்டகை போட்டிருந்தார்கள். செங்கோட்டையன் தானே மிதித்துக்கொண்டு அறுக்கப் பார்த்தான். முடியவில்லை. வயது முழுக்கத் தரையில் உட்கார்ந்து வேலை செய்த மனிதன். முக்காலியில் உட்கார்ந்தால் கை திரும்பும்போது காலும் நின்றுபோயிற்று, கால் ஓடும்போது கை மறந்துபோயிற்று. ஆகவே அவள் மிதிக்க, அவன் நகர்த்த. எதிரும் புதிருமாக, நடுவில் பலகை. முதல் வாரம் சண்டையாகவே போயிற்று. வேகம் என்பான், மெல்ல என்பான், உனக்குக் கண் எங்கே இருக்கிறது என்பான். என் கண் கோட்டில்தான் இருக்கிறது, உங்கள் வாய்தான் கோட்டைத் தாண்டிப்போகிறது என்பாள். இரண்டாவது வாரம் பேச்சு குறைந்தது. மூன்றாவது வாரம் பேச்சே வேண்டியிருக்கவில்லை. அவன் மூச்சை இழுத்துப் பிடித்தால் வளைவு வருகிறது என்று அவளுக்குத் தெரிந்தது.

முதலியார் சம்சாரம் கந்தம்மாள் தறி நெய்து வளர்ந்தவள். அவள் வந்து நின்று பலகையைப் பார்க்கமாட்டாள், பாப்பாயியின் காலைத்தான் பார்ப்பாள். தெருப் பெண்களையும் கூட்டி வந்து காட்டினாள். புருசன் கோடு போட, பொண்டாட்டி மிதிக்கிறாள், நல்ல குடித்தனம் என்று ஒருத்தி சொன்னாள். எங்கள் வீட்டில் இரண்டையும் நானே செய்கிறேன் என்றாள் இன்னொருத்தி. கந்தம்மாள் அரிசியும் பருப்பும் போட்டுப் பொங்கிய சோற்றில் நெய்யை ஊற்றிக்கொண்டே, மிதிக்கிறவளுக்குக் கால் வலிக்கும், இன்னும் கொஞ்சம் ஊற்றிக்கொள் கண்ணு என்பாள். பிடிக்கிறவனுக்குத் தோள் வலிக்கிறது என்று செங்கோட்டையன் தன் சோற்று இலையை நீட்டுவான்.

மார்கழிப் பனியில் பலகைகள் மேலேறின. அவற்றை மாட்டியவர்கள் கொத்து வேலை ஆட்கள். கண் படக்கூடாது என்று வீட்டு முன்புறம் முழுக்கத் தென்னந்தடுக்கு கட்டி மறைத்திருந்தார்கள். பாப்பாயி கொல்லையில் கடைசிப் பலகைகளை மிதித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு பலகையும் அவளுக்குத் தெரியும், எந்த இலையில் அவன் தும்மினான் என்பது வரை தெரியும். முப்பத்தாறும் சேர்ந்து தொங்குவதை மட்டும் அவள் பார்க்கவில்லை. தடுக்கை எடுக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தாள்.

தை பிறந்தது. குடிபோவதற்கு முதல் நாள் பொழுது சாயும் நேரத்தில் தச்சு கழித்தார்கள். வீட்டுக்கு மரவேலை செய்த ஆசாரி தன் சாமான்களையெல்லாம் வரிசையாக வைத்து, சந்தனம் குங்குமம் இட்டுக் கும்பிட்டு, வேட்டி துண்டு வாங்கிக்கொண்டு வீட்டை விட்டுப் போய்விட வேண்டும். வாசல் வழியாகப் போகக்கூடாது, கொல்லை வழியாகத்தான். போனவன் அன்றைக்கு அந்த வீட்டைத் திரும்பிப் பார்க்கவும் கூடாது. செய்தவன் கண் வீட்டில் ஒட்டிக்கொண்டிருந்தால் குடியிருப்பவனுக்கு வீடு சொந்தமாகாது என்பார்கள்.

செங்கோட்டையன் உளி, வாச்சி, இழைப்புளி எல்லாம் வைத்தான். ரம்பத்தை நடுவில் வைத்தான். வில்லுக்குச் சந்தனம் வைத்தான், மேடைக்கு வைத்தான், கடைசியாகக் குனிந்து மிதிக்கட்டைக்கும் ஒரு பொட்டு வைத்தான். முதலியார் தட்டில் வேட்டி துண்டு வைத்து அவனுக்குக் கொடுத்தார். கந்தம்மாள் உள்ளே போய் ஒரு சேலையை எடுத்து வந்தாள். கரையில் கொடி, கொடியில் இலை. முதலியார் கொண்டுவந்த அதே காகிதத்தைப் பார்த்துத் தறியில் போடச் சொல்லியிருக்கிறாள். பாப்பாயிக்கு அதை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மார்போடு அணைத்துக்கொண்டாள்.

சாமான் தூக்க ராசு வந்திருந்தான். மூவரும் கொல்லை வழியாக இறங்கி, சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு பெரிய தெருவுக்கு வந்தார்கள். புதுச் சேலையையே சும்மாடாகச் சுருட்டி வைத்து, அதன்மேல் ரம்பத்தை வைத்திருந்தாள் பாப்பாயி. அப்போதுதான் பின்னால் தடுக்கு அவிழ்க்கிற சத்தம் கேட்டது. தென்னந்தடுக்குகள் சரசரவென்று கீழே விழுந்தன. தெருச் சனங்கள் ஏதோ சொன்னார்கள். ஒரு பெண் குலவையிட்டாள்.

பாப்பாயியின் கால் நின்றது.

"ஏனுங்க, நான் சித்தப் பாத்துட்டு வாரேன். தச்சந்தானுங்க பாக்கக் கூடாது. நான் உங்க சம்சாரந்தான."

செங்கோட்டையன் மூன்று எட்டு முன்னால் போனான். பிறகு நின்றான். அவனும் திரும்பவில்லை. முன்னால் பார்த்தபடியே சொன்னான்:

"நீயும் பாக்கக் கூடாது."

"ஏனுங்க?"

"இழுத்தது உன்ற காலு. நீயுந்தான் தச்சன்."

பாப்பாயி அங்கேயே நின்றாள். அவளுக்குக் கோபம் வரவேண்டியது, வரவில்லை. கழுத்து திரும்பத் துடித்தது. ரம்பத்தின் காலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள்.

"நான் எந்த வேலையும் செய்யல, நான் பாக்கலாமுங்களா மாமா?" என்று கேட்டான் ராசு.

"பாரு. நல்லாப் பாரு."

ராசு சாக்கு மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி, பின்புறமாகவே நடந்து வந்தான். பஸ்ஸில் ஊர்ப் பெயர் கூவுகிற தொண்டையில் சொல்லிக்கொண்டே வந்தான். கொடி கூரையோடு ஓடுகிறது அக்கா. ஒரு பலகைக்கும் அடுத்த பலகைக்கும் ஒட்டே தெரியவில்லை. நுனியெல்லாம் ஒரே மட்டம். பொழுது இறங்கி இலை ஓட்டையிலெல்லாம் வெளிச்சம் வருகிறது, சுவரெல்லாம் பூ. எண்ணு என்றாள் பாப்பாயி. எண்ணினான். முப்பத்திநாலு என்றான். சரியாக எண்ணுடா என்று இரண்டு பேரும் ஒரே குரலில் அதட்டினார்கள். மறுபடி முதலிலிருந்து எண்ணி முப்பத்தாறில் நிற்கும்போது, எதிரே வந்த ஓர் எருமையின் மேல் போய் முதுகை முட்டிக்கொண்டான். உளிகள் சாக்குக்குள் குலுங்கின.

செங்கோட்டையன் சிரித்தான். தோள் வலிக்கிற அளவுக்குச் சிரித்தான். பாப்பாயி சிரித்த சிரிப்பில் தலைக்கு மேலே ரம்பத்தின் வில் மேலும் கீழும் ஆடியது. தெரு முடிகிறவரை அவள் திரும்பவில்லை.